கலாமணியின் சம்மதம்

அண்ணா, அந்தப் பேனாவை மூடி வையுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எட்டிப் பார்த்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மனுசன் மடியில் காகிதத்தை விரித்து வைத்திருந்தால் கண் போகத்தானே செய்யும்? பைக் லோன்தானே? முப்பத்திரண்டாயிரம் பாக்கி, பதினெட்டாயிரம் கட்டினால் போதும், கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறான். கீழே 'செட்டில்டு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், அதைப் பார்த்துச் சந்தோசப்படாதீர்கள். நானும் அப்படித்தான் குதித்தேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள். நேரம் நிறைய இருக்கிறது. நான் இந்தக் கடன் கம்பெனிக்குப் பத்து மணிக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வந்த ஏழு பேர் பணத்தைக் கட்டிவிட்டு, எதிர்க்கடையில் டீயும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். என்னை மட்டும், 'கொஞ்சம் உக்காரும்மா, சிஸ்டம் ஸ்லோவா இருக்குது' என்கிறார் பணம் வாங்கும் கவுண்டரில் இருக்கிற சார். எப்படி? அவர் குரல் அப்படியே வந்ததா? மூக்கில் பாதி, தொண்டையில் பாதி. அவ்வளவுதான் வித்தை.

என் பெயர் கோபிகா. ஊர் பள்ளிபாளையம், இப்படியே பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். மிமிக்ரி செய்வேன். சினிமாக்காரர் குரலெல்லாம் எனக்குப் பிடிக்காது, அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். நான் செய்வது ஊர்க்காரர் குரல். ரேஷன் கடைக்காரர் குரலில், 'பாமாயில் வந்திருச்சு, சீக்கிரம் வாங்க' என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கொடுத்தால் தெருவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஹெட்மாஸ்டர் குரலில் ஒருநாள் நாலாவது பீரியடிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஒரு வாரம் முட்டி போட்டேன். முட்டி வலிக்கத்தான் செய்தது, ஆனால் போகிற வருகிற டீச்சர்கள்கூடச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு நன்றாக வருவது எங்கள் அம்மா குரல். பெயர் கலாமணி. நாச்சிமுத்து என்பவருடைய பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அதனால் எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் கடைசி வார்த்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும். 'சோறு வெச்சிருக்கேன், தின்னுட்டுப் *போ*.' கேட்டீர்களா? அந்தப் 'போ'வில்தான் அம்மா இருக்கிறாள்.

பட்டறைக்குள் போன் அடித்தால் காதில் விழாது. அதனால் அம்மாவின் போன் எப்போதும் என்னிடம்தான் இருக்கும். இதோ இதுதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் என் படிப்புக்கென்று தவணையில் வாங்கியது. பத்து மாசத் தவணை. கடையிலேயே இந்தக் கம்பெனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், அம்மாவின் ஆதாரை வாங்கி, நாலு இடத்தில் விரலை வைக்கச் சொன்னார், முடிந்தது. ஏழு மாசம் ஒழுங்காகக் கட்டினோம். எட்டாவது மாசம் கூலி உயர்வு கேட்டுத் தறி நிறுத்தினார்கள். மூன்று வாரம் பட்டறை திறக்கவில்லை. அதற்கப்புறமும் பாதி நூல், பாதி வேலை. மூன்று தவணை நின்றுவிட்டது.

அப்போது ஆரம்பித்தது போன். நாளைக்கு நாலு தடவை. எனக்கோ கொண்டாட்டம். 'நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று அந்த மிசின் பெண்ணின் குரலில் சொல்வேன். வைத்துவிடுவார்கள். இன்னொரு நாள் மாரியம்மன் கோயில் பூசாரி. இன்னொரு நாள் எங்கள் முதலாளி: 'ஏப்பா, கலாமணி தறியில நிக்குது, நீ வந்து நூல்தார் போடறயா?' சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஒருத்தர்கூட என்னைக் கண்டுபிடிக்கவில்லை அண்ணா, ஒருத்தர்கூட.

பிறகு அம்மா எப்படியோ புரட்டி, மூன்று தவணைப் பணத்தையும் என் கையில் கொடுத்தாள். நாலாயிரத்து இருநூறு. 'போய்க் கட்டிப்போட்டு ரசீது வாங்கிட்டு வா கண்ணு' என்றாள். நான் கிளம்பிச் செருப்பு மாட்டுகிறேன், போன் அடிக்கிறது. சென்னையிலிருந்து ஒரு அக்கா. 'வணக்கம் மேடம், அபராதத்தோட சேர்த்து ஆறாயிரத்து நூறு ஆகுது. ஒரே தவணையா முடிக்கிறதா இருந்தா ஏதாவது குறைச்சுத் தர முடியுமான்னு பாக்கறேன்.' குரலில் தேன் வழிந்தது. குறைப்பது என்ற பேச்சு வந்ததும் எனக்குள்ளே மணி அடித்துவிட்டது. உடனே அம்மாவாகிவிட்டேன்.

'அம்மிணி, என்ற ஊட்டுக்காரரு போயிப் பத்து வருசமாச்சு. ஒத்தைப் புள்ள. அதுக்கும் நெஞ்சுல ஓட்டைன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது.' நடுவில் நான் நானாகவே கொஞ்சம் இருமினேன். ஒரே ஆள், இரண்டு குரல்! 'உங்க காலுல உழுகறேன் தாயி' என்றும் சொன்னேன். அந்த அக்கா கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், 'மூவாயிரம் கட்டிடுங்க மேடம், செட்டில் பண்ணிடறேன். அழைப்பு பதிவாகுது, சம்மதம்னு தெளிவா சொல்லுங்க' என்றாள். 'சம்மதமுங்க' என்றேன்.

ஆறாயிரத்து நூறு மூவாயிரமாகிவிட்டது! சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கவே அம்மாவுக்கு வாய் வராது. நான் மூச்சு விடுகிற நேரத்தில் பாதியைக் குறைத்துவிட்டேன். மிச்சம் ஆயிரத்து இருநூறுக்கு ஒரு மைக் வாங்கினேன். அப்படிப் பார்க்காதீர்கள் அண்ணா, அது முதலீடு. மைக் இருந்தால்தான் மேடை, மேடை இருந்தால்தான் காசு. அம்மாவிடம், 'எல்லாம் கட்டியாச்சு, கணக்கு முடிஞ்சுது' என்றேன். முடிந்ததுதானே?

இந்த ஆனி மாசம்தான் விசயம் வெளியே வந்தது.

எங்கள் ஊரில் முன்பணம் என்று ஒன்று உண்டு. அப்பா ஆசுபத்திரியில் கிடந்தபோது அம்மா நாச்சிமுத்துவிடம் நாற்பதாயிரம் வாங்கினாள். அது தீருகிறவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாராவாரம் கூலியில் பிடிப்பார். பிடித்துப் பிடித்துக் குறைந்துவரும்போது ஆடி நோம்பி வந்துவிடும். நோம்பிக்குத் துணி எடுக்க, கறி எடுக்க என்று இன்னொரு பத்தாயிரத்தைக் கையில் வைப்பார். அவருடைய கணக்கு நோட்டில் பழைய பக்கம் மறுபடியும் நிரம்பிவிடும். பதினோரு வருசமாக இப்படித்தான். இந்த வருசம் ஆறாயிரத்துக்கு வந்து நிற்கிறது. அம்மா, 'இந்த நோம்பிக்கு வாங்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டாள். காளியண்ணன் என்று ஒருவர் தொழிலை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போகிறார். அவருடைய இரண்டு தறியும் ஒரு வாடகைச் செட்டில், கொட்டகையில், நிற்கிறது, தறியை வாங்கிக்கொண்டால் செட்டையும் விட்டுத்தருவதாகச் சொன்னார். பேங்கில் கடன் கேட்கலாம் என்று அம்மா கிளம்பினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு.

மேனேஜர் சார் பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு டிக்.

'பாருங்கம்மா, உங்க கடன் அறிக்கையில ஒரு கடன் செட்டில்டுன்னு வந்திருக்கு.' டிக். 'அப்படின்னா முழுசாக் கட்டலைன்னு அர்த்தம். குடுத்தவங்க வேற வழி இல்லாம வந்தவரைக்கும் போதும்னு விட்டுட்டாங்கன்னு அர்த்தம். இதைப் பாத்தா எங்க மேலிடத்துல தர மாட்டாங்க.'

'நான் முழுசாக் கட்டிப்போட்டனுங்க சார். யாரு எழுதுனது அப்படி?'

'நாங்க எழுதலம்மா.' டிக். 'பேங்க்ல வாங்கினாலும், குழுவுல வாங்கினாலும், கடையில தவணைக்கு வாங்கினாலும், கடன் குடுத்தவங்க மாசாமாசம் எழுதி அனுப்பணும். ஒரு இடத்துல அதையெல்லாம் சேர்த்து வெச்சிருப்பாங்க. அவங்களும் சொந்தமா ஒரு எழுத்து எழுத மாட்டாங்க. வந்ததை அடுக்கி, கேட்டவங்களுக்குக் காட்டறதோட சரி.'

அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். 'அப்படின்னா அதுல எங்க மொதலாளி என்ன எழுதியிருக்காருன்னு பாருங்க சார். பதினோரு வருசமா ஒரு வாரம் தவறுனதில்ல.'

'மொதலாளியெல்லாம் இதுல எழுத முடியாதும்மா.'

'பால்காரரு?'

'இல்லம்மா.'

'சீட்டுப் புடிக்கற பாவாயக்கா? நான் மொதல் சீட்டே எடுத்துப்போட்டு, கடைசி வரைக்கும் கட்டுனேன் சார். ஊட்டு வாடகை? அதுவும் இல்லீங்களா?'

'யாரும் இல்லம்மா. உங்களைப் பத்தி இதுல எழுதியிருக்கறது ஒரே ஆள். அந்த போனுக்குக் கடன் குடுத்த கம்பெனி.'

'அவிங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதுங்களே சார்' என்றாள் அம்மா.

டிக் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். மேனேஜர் நல்ல மனுசன்தான். 'மீதியைக் கட்டிட்டு, பாக்கி இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. அவங்க திருத்தி அனுப்பறதுக்கு நாள் ஆகும். நான் கடிதத்தை வெச்சு மேல பேசிப் பாக்கறேன்' என்றார். எங்களுக்கோ நாள் இல்லை. காளியண்ணன் நோம்பி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

பேங்கிலிருந்து நேராக இங்கேதான் வந்தோம். இதே கவுண்டர் சார்தான், பெயர் பிரசன்னா. அம்மா, 'நான் யாருகிட்டயும் கொறைச்சுக் கேக்கவே இல்லீங்க' என்று அடித்துச் சொன்னாள். நான் அந்தத் தண்ணீர் கேன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சார் கம்ப்யூட்டரைத் தட்டினார். 'உங்க குரல் பதிவாகியிருக்கும்மா, கேளுங்க. உங்க குரல் இல்லைன்னா சொல்லிடுங்க. வேற யாரோ உங்க பேர்ல பேசி ஏமாத்தியிருந்தா, நாங்களே போலீஸ்ல புகார் குடுத்துடுவோம். எந்த நம்பர், எத்தனை மணி, எல்லாம் இருக்கு.'

போட்டார். ஸ்பீக்கரில். அண்ணா, நானே அதை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்கிறேன். என்ன ஒரு நடிப்பு! அந்த இருமல் ஒன்றே போதும். 'உங்க காலுல உழுகறேன் தாயி' என்று வந்ததும் இங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்தாள். முடிந்ததும், 'இன்னொரு தரம் போடுங்க சார்' என்றாள். போட்டார். கடைசிவரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்: 'ஆமாங்க. என்ற குரல்தானுங்க. மறந்துபோட்டேன்.'

மறந்துவிட்டாளாம்! பேசாத ஒன்றைப் பேசி மறந்துவிட்டாளாம்! பெற்ற தாய்க்கே, அதுவும் சொந்தக் குரலிலேயே, வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு மேல் ஒரு மிமிக்ரிக்காரிக்கு என்ன பரிசு வேண்டும், சொல்லுங்கள்! அது தன் குரல்தான் என்று அம்மா எங்கெங்கேயோ விரலை வைத்து எழுதிக் கொடுத்தாள். திரும்பிப் போக பஸ் ஏறினோம். பாலத்தில் போகும்போதுதான் என் முதுகில் கையை வைத்து, 'நெஞ்சு வலிக்குதா கண்ணு உனக்கு?' என்றாள். பாருங்கள், அந்தக் கதையையும் நம்பிவிட்டாள். எனக்கு ஓட்டை இருக்கிறதென்றே நினைத்துக்கொண்டாள் போல.

ஏன் அண்ணா அப்படிப் பார்க்கிறீர்கள்? சிரிக்கவேண்டிய இடம் அது. மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள்.

சரி விடுங்கள். அதற்கப்புறம்தான் சிக்கல். மீதி மூவாயிரத்து நூறு கட்டவேண்டும். அம்மாவிடம் இல்லை. முதலாளியிடம் கேட்டாள். அவர் எப்படிச் சொன்னார் தெரியுமா? 'ஏம்புள்ள, பேங்க்காரன் உன்ற மூஞ்சியப் பாத்தானா? இத்தன வருசம் பாத்தவன் நானு. என்னத்துக்குத் தனியா மூவாயிரம்? நோம்பிக்குப் பத்தாயிரம் எடுத்து வெச்சிருக்கறேன், வாங்கிக்கோ. புள்ளயும் ஊட்டுல சும்மாதான இருக்குது? நூல்தார் சுத்த அனுப்பு, ரெண்டு பேரு கணக்கா எழுதிக்கறேன்.' குரல் சர்க்கரைப் பாகு மாதிரி இருக்கும். அம்மா, 'சனிக்கிழமை சொல்றனுங்க' என்று வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நோம்பி. சனிக்கிழமை சம்பளத்தோடு அந்தப் பத்தாயிரத்தை வாங்கிவிட்டால், அப்புறம் தறியாவது செட்டாவது.

அதனால்தான் வந்திருக்கிறேன். என்னிடம் மூவாயிரத்து நானூறு இருக்கிறது. பங்குனியில் மூன்று கோயில் மேடை ஏறிச் சம்பாதித்தது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, நாளைக்குத்தான் பணம் கட்டக் கடைசி நாள். அதற்கென்று மிக்ஸி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன், அம்மாவுக்குத் தெரியாது. கல்லூரி எங்கே ஓடிப்போகிறது? அடுத்த வருசமும் அங்கேயேதான் நிற்கும். தறி நிற்காது. இன்றைக்குக் கட்டினால் இன்றைக்கே கடிதம் தருவார்கள், நாளைக்குக் காலையில் மேனேஜர் மேசையில் வைத்துவிடுவேன்.

ஒரே ஒரு தடங்கல். கணக்கு அம்மா பெயரில் இருப்பதால், அம்மாவுக்கு போன் போட்டுச் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்களாம். அம்மாவின் போன்தான் என் கையில் இருக்கிறதே! நான் மாடிப்படிக்குப் போய், அம்மாவாகப் பேசிவிட்டு, மகளாகத் திரும்பி வருவேன். கடைசித் தடவை. அந்தக் குரலால் கெட்டதை அந்தக் குரலாலேயே சரிசெய்துவிட்டு...

இதோ, அடிக்கிறது. அவர்தான். வாருங்கள் அண்ணா, படிக்கட்டுக்கு வாருங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன். நேரிலேயே கேளுங்கள் என் வித்தையை. சிரித்துவிடாதீர்கள்.

'ஹலோ... ஆமாங்க சார், கலாமணிதானுங்க *பேசறது*.'

'அம்மா, பிரசன்னா பேசறேன். நீங்க செவ்வாக்கிழமை வந்து சொல்லிட்டுப் போனீங்கல்ல, அதே மாதிரி உங்க பொண்ணு பணத்தோட வந்து உக்காந்திருக்குதுங்க.'

செவ்வாய்க்கிழமையா? அண்ணா, செவ்வாய்க்கிழமை அம்மா பட்டறைக்குத்தான் போனாள்.

'அம்மா? லைன்ல இருக்கீங்களா?'

'இருக்கறனுங்க *சார்*.'

'நீங்க சொன்னபடியே சிஸ்டம் ஸ்லோன்னு சொல்லிக் காலையில இருந்து உக்கார வெச்சிருக்கேன். சலிச்சுப்போய் எந்திரிச்சுப் போயிரும்னு பாத்தா, போகவே மாட்டேங்குது. காலேஜுக்குக் கட்டற பணம், வாங்கிறாதீங்கன்னு நீங்க கேட்டுக்கிட்டீங்க. பாவம், மதியம்கூடச் சாப்பிடல அது. அதான் ஒரு தடவை உங்ககிட்டக் கேட்டுடலாம்னு...'

'ம், சொல்லுங்க *சார்*.'

'அப்பறம் அந்தப் பதிவை அழிக்க முடியுமான்னு கேட்டீங்களே, மேல விசாரிச்சேன். முடியாதாம்மா. ஆனா நீங்க உங்க குரல்தான்னு எழுதிக் குடுத்துட்டீங்க. இனி உங்க பொண்ணை யாரும் எதுவும் கேக்க முடியாது. பயப்படாம இருங்க.'

அண்ணா, அம்மா அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறாள்.

'என்னங்கம்மா, வாங்கட்டுமா, வேண்டாமா?'

என்ன சொல்வது அண்ணா? நான் மகள்தான் பேசுகிறேன் என்று இப்போது சொன்னால், அம்மா எழுதிக் கொடுத்தது பொய் என்றாகிவிடும். என்னோடு சேர்த்து அவளும் மாட்டிக்கொள்வாள். அம்மாவாகப் பேசினால் வேண்டாம் என்றுதான் சொல்லவேண்டும். அவள் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். சொந்தக் குரலில் பேசவும் வழியில்லை, அவள் குரலில் பேசவும் வழியில்லை. இருங்கள், அவர் காத்திருக்கிறார்.

'வாங்கிக்குங்க சார்.'

'நெசமாவாம்மா? செவ்வாக்கிழமை அவ்வளவு சொன்னீங்க?'

'வாங்கிக்குங்க. இன்னிக்குத் திருப்பி அனுப்புனா நாளைக்கும் வந்து உக்காந்துக்குவா. என்ற புள்ளயப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒரு சங்கதி செய்யறதுன்னு நெனைச்சுட்டான்னா அவகிட்ட யாரு பேச்சும் எடுபடாது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். நானும் எதுவும் சொல்றதில்ல.'

'சரிங்கம்மா. கால் பதிவாகுது, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.'

'சம்மதமுங்க.'

'சரி, கூப்பிட்டு வாங்கிக்கறேன். கடிதம் அஞ்சு மணிக்குள்ள குடுத்துடறேன். பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுமாங்கம்மா?'

'ஒண்ணும் வேண்டாமுங்க சார். அவளுக்குத் தெரியும்.'